மேடம் சொன்னதாக

எடையைக் குறைக்க நினைப்பவர்கள் தாங்களாகவே சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. முதலில் விஷயம் தெரிந்த ஒருவரைப் பார்க்க வேண்டும். உணவு ஆலோசகர் ஒருவரின் வரவேற்பறையில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடங்களாக இதைப் போனில் சொல்லிவருகிறேன். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம், யாரும் கேட்பதில்லை.

என் தங்கை கேட்டாள். உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள் என்று காகிதம் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் அவளுடைய நல்ல குணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

“அக்கா, வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு மாசத்துல சேரணும். அதுக்குள்ள ஒரு ஆறு கிலோ குறைக்கணும். உங்க மேடம்கிட்ட ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் குடேன்.”

வெளியூர் வேலை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தேன். “அதுக்கென்ன, வாங்கிட்டாப் போச்சு” என்றேன்.

எங்கள் கிளினிக்கில் ஒரு நடைமுறை உண்டு. புதிதாக வருபவர்களை மேடம் ஒருமுறைதான் நேரில் பார்ப்பார். ரத்தப் பரிசோதனை, சாப்பிடும் மாத்திரை, பழைய நோய் என்று துருவித் துருவிக் கேட்பார். அதன்பிறகு வாரா வாரம் அவர் சொல்லச் சொல்ல நான் மஞ்சள் அட்டையில் டைப் செய்து கொடுப்பேன். அவருடைய கையெழுத்து ரப்பர் ஸ்டாம்பாக என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கும். அதனால் நான் சொன்னால் மேடம் சொன்ன மாதிரி.

தங்கை விஷயத்தில் அந்த முதல் சந்திப்பை மட்டும் விட்டுவிட்டேன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டார், நேரில் வர வேண்டாம் என்று மேடம் சொன்னதாகச் சொன்னேன். நேரில் போயிருந்தால் “உனக்கெல்லாம் எதுக்கும்மா டயட்? நேரத்துக்குச் சாப்பிடு, சாயங்காலம் நட” என்று அனுப்பிவைத்திருப்பார். அவளும் தெம்பாக ரயிலேறியிருப்பாள்.

அம்மா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பதினெட்டு. காய்ச்சல் வந்தால் என் கையை விடவே மாட்டாள். சரியானதும் தெருவுக்கு ஓடிவிடுவாள், கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். காய்ச்சல் நாட்களில்தான் எனக்குத் தங்கை என்று ஒருத்தி இருந்தாள். குறையாகச் சொல்லவில்லை, கவனித்ததைச் சொல்கிறேன்.

முதல் அட்டையில் ஒரு குற்றமும் காண முடியாது. இரண்டாவதில் ரொட்டியை எடுத்தேன், நான்காவதில் பழத்தை. ஆறாவதில் மதியச் சாப்பாடு இருந்த இடத்தில் ‘வெந்நீர், மெதுவாக அருந்தவும்’ என்று போட்டேன். அந்த ‘மெதுவாக’ என் சொந்தச் சரக்கு. மேடத்துக்குக்கூடத் தோன்றியிருக்காது.

“அக்கா, தலை சுத்துதுன்னு மேடம்கிட்ட சொன்னியா?”

“சொன்னேனே. உடம்பு பழகிக்குதுன்னாங்க.”

“முடி கொத்துக் கொத்தா வருதே?”

“அதையும் சொன்னேன். நல்ல அறிகுறியாம்.”

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பசிக்குதுக்கா” என்றாள். அதன்பிறகு அவள் எதிரில் நான் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டேன்.

எட்டாவது வாரம் அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. அந்த வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டாள். கடிதத்தை டைப் செய்தது நான்தான். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். தலை வாரிவிட்டேன், கால் பிடித்துவிட்டேன், தலையணைக்குப் புது உறை போட்டேன். “நீ மட்டும் இல்லன்னா நான் என்னக்கா ஆவேன்” என்றாள். அழுதுவிட்டேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்தினால் தெம்பு வரும். தெம்பு வந்தால் இன்னொரு வேலை தேடுவாள்.

செவ்வாய்க்கிழமை குளியலறையில் விழுந்தாள். மருத்துவமனைக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு போனதும் நான்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அட்டைகளைப் பார்த்த டாக்டர்கள் மேடத்தைக் கூப்பிட்டார்கள். அவர் அலறியடித்துக்கொண்டு வந்து, “இந்தப் பொண்ண நான் பார்த்ததே இல்லையே” என்றார். உண்மைதான், அவரை விட்டுவிடுங்கள். ஒன்பது அட்டைகளையும் எழுதியது நான், ஸ்டாம்ப் குத்தியதும் நான். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் செய்தேன்.

“இத எழுதின ஆளுக்கு ஒரு மண்ணும் தெரியாது” என்று நீங்கள் மேஜையைத் தட்டியதுதான் இன்ஸ்பெக்டர் சார், கொஞ்சம் வலித்தது.

நேற்று கண் விழித்துவிட்டாளாம். அக்காவை உள்ளே விடாதீர்கள் என்று நர்ஸிடம் சொன்னாளாம். மயக்கத்தில் பேசுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே கண்டதையும் கொடுத்து அவளைத் தேற்றிவிடுவார்களோ என்றுதான் எனக்குக் கவலை. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? பத்தாவது அட்டையை டைப் செய்து கைப்பையில் வைத்திருக்கிறேன்.