கோட்ட பாக்கப் போன கத

செருப்ப கயட்டாத கோய்ந்தம்மா, போட்டுகினே வா. இந்தக் கல்லு மேல குந்து. தண்ணி வோணும்னா கொடத்துல கீது, மொண்டுக்கோ.

அன்னிக்கு ஒருத்தி கூட இல்லாம எங்க போய்ட்டீங்கன்னு தானே கேக்குற? கோட்ட பாக்கப் போய்ட்டோம்மே. மெய்யாலுமேதான். பயவேற்காட்டுக்கு அந்தாண்ட, ஆந்திரா பார்டராண்ட, கடலோரமா ஒரு பயய கோட்ட கீது. ராஜா காலத்துதாம்.

எவன் கூட்டினு போவான், அந்தக் கம்பெனிக்காரன்தான். இங்க பைப்பு போட்டே தீருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறானே, அவன்தான். நம்ம ஆம்பளைங்க காசிமேட்டுல மீன் புடிக்க போட்ல ஏறுனா எட்டு நாளு, பத்து நாளு வர மாட்டானுங்கல்ல, அத்தப் பாத்து மூணு வாட்டி ஜேசிபி ஓட்டினு வந்தான். நாங்க பொம்பளைங்க மீன் கூடய கவுத்துப் போட்டு, அதுமேல வரிசயா குந்திகினோம். ஏத்துடா பாக்கலாம்னோம். மூணு வாட்டியும் ரிவர்ஸ் எட்த்துகினு போய்ட்டான்.

அப்பால ஜெகதீசன்னு ஒருத்தன அனுப்ச்சான். இஸ்திரி சட்ட, நம்ம கைல பேச சொல்ல மூக்குல கர்ச்சீப்பு. சண்ட இன்னாத்துக்கும்மா, ஒரு நாளு எல்லாரும் ஜாலியா போயி சரித்திரம் தெர்ஞ்சிகினு வாங்க, கம்பெனி செலவுன்றான். போவ வாணாம்னு நான் அப்பவே சொன்னேன். மத்தவளுங்க கேட்டாதானே. ஏசி பஸ்ஸுன்ன ஒடனே எதுத்த வூட்டு சினேகா கைக்கொயந்தய இடுப்புல வெச்சிகினு, பட்டுப்பொடவய சுத்திகினு, மொத ஆளா ஏறிட்டா. நான் ஒருத்தி குந்தி இன்னா பண்றதுன்னு நானும் ஏறிட்டேன்.

த்தூ, அது ஒரு கோட்டயாமே. ராணி தூங்குன ரூமுன்னாங்க, மூத்தர நாத்தத்துல காலு வெக்க முடில. பீரங்கி வாய்க்குள்ள சிப்ஸ் கவரு, பிராந்தி பாட்டிலு. சொவுரு பூரா எவன் எவள லவ் பண்றான்னு கீறி வெச்சிகீறானுங்க. மத்தியானம் சாப்பாட்டுல வஞ்சரம்னு ஒண்ணு வெச்சான். வாயில போட்ட ஒடனே தெர்ஞ்சி போச்சி, ஐஸ்ல வாரக்கணக்கா கெடந்த மீனு. மீன் விக்கிறவளுக்கே ஊசின மீன போட்றான்மே. துப்பிட்டேன்.

கத சொன்னது பெனிஷான்னு ஒரு காலேஜ் பொண்ணு. அத்த குத்தம் சொல்லக் கூடாது, வெயில்ல நின்னுகினு நல்லாதான் சொல்லிச்சி. வேற நாட்டுக்காரன் வருசக்கணக்கா கப்பல்ல நின்னுகினு அந்தக் கோட்டய குண்டு போட்டு அடிச்சானாம். மதிலு அசயல. அப்பால சண்டய உட்டுட்டு, கப்பல் நெறய கூத்தாடிங்கள ஏத்தி அனுப்ச்சி உட்டானாம். மோளம், வாணவேடிக்க, ஆட்டம். கோட்டக்குள்ள இர்ந்த சனம் மொத்தமும் வாசல தொறந்து போட்டு கூத்து பாக்க ஓடிச்சாம். காவலுக்கு கண்ணு தெரியாத கெயவன் ஒருத்தன்தான். விடிஞ்சி வந்து பாத்தா கோட்ட மேல வேற கொடி பறக்குதாம்.

எனக்கு வந்துச்சே ஆத்திரம். இம்மாந்தண்டி மதில கட்டிட்டு, எவனோ ஆடுறான்னு வாசல உட்டுட்டு போவானுங்களா, கேனப் பசங்க, இதுங்கல்லாம் சோறுதான் துன்னுச்சான்னு கேட்டேன். எல்லாரும் வியுந்து வியுந்து சிரிச்சோம். அந்தப் பொண்ணும் சிரிச்சிது. ஜெகதீசன் மட்டும் சிரிக்கல. போன காதுல வெச்சிகினு அந்தாண்ட போய்ட்டான்.

வர சொல்ல வயி பூரா பஸ்ஸ நிறுத்துனான். டீ குடிங்க, மோரு குடிங்க, எளனி குடிங்க. கொயந்த அயுவுது, வுடுயா வூட்டுக்குன்னாலும் கேக்கல. இங்க வந்து எறங்க சொல்ல இருட்டிப் போச்சி. தெருவுல ஒரு லைட்டு இல்ல. கரண்டு கட்டுன்னு நெனச்சிகினு ஊசின மீனப் பத்தி பேசிகினே நடந்து வந்தோம்மே. அத்த நெனச்சாதான் எனக்கே என் மூஞ்சில துப்பிக்கணும்போல கீது.

இன்னாமே, மூஞ்சி ஒரு மாதிரி ஆவுது. உங்க குப்பத்துக்கும் வந்துகீறானா ஜெகதீசன்? ஞாயித்துக்கெயமயா? அதே கோட்டதானா?

எங்க எய்ந்துக்குற. குந்துமே. அது சொம்மா கெடக்குற கல்லு இல்ல, என் வூட்டு வாசப்படி. நாங்க கோட்ட பாத்துகினு இர்க்க சொல்ல மொத்தத்தயும் தள்ளி வாரிகினு போய்ட்டானுங்க, இது ஒண்ண மட்டும் பேக்க முடில போல. செருப்போடயே குந்து, பரவால்ல.