படுதாவைப் பிடித்த நாலு விரல்

வேம்பாரிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் பல்கலைக்கழக ஆண்டு மலரை விரித்து, குரூப் போட்டோ ஒன்றைக் காட்டினார்.

“ஓரத்துல நாலு விரல் தெரியுதுல்லா, அது நான்தாம்லே.”

“வெறும் விரலா?”

“எல்லாரும் உக்காந்த பொறவு, பின்னால படுதாவப் பிடிக்கச் சொன்னானுவ. பிடிச்சேன்.”

“மலர்ல என்ன எழுதியிருக்கான்?”

“எந்தத் துறை எப்ப வந்துச்சு, எந்த ஆபீஸ் எங்கன இருந்துச்சு, எந்த மாணவர் மன்றத்த யாரு ஆரம்பிச்சதுன்னு பூரா வரலாறும் இருக்கு. கடல் உயிரியல் துறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்க சிப்பி, சங்கு எல்லாம் பேராசிரியர் சேகரிச்சதாம். அந்தாளு முழங்கால் தண்ணிக்கு மேல எறங்கி நான் பாத்ததில்ல. மூச்சடக்கி முங்கி அள்ளிட்டு வந்தவன் நான்!”

“கேக்க வேண்டியதுதான?”

“அந்தாளுகிட்டயே கேட்டேன். அடுத்த மலர்ல பாப்போம்ங்கான். புதுக் கட்டடத்துக்கு இன்னும் சிப்பி வேணுமாம். திங்கக்கெழம முங்க வரச் சொல்லுதான்.”

“போறியா?”

“வாரேன்னு சொல்லிட்டேன். ஆனா பேராசிரியர் முங்கட்டும். நான் கரையில நின்னு படுதாவப் பிடிக்கேன்.”