மூன்று கிலோஹெர்ட்ஸ்

என் குரல் பிறவியிலேயே சின்னது. ஓட்டலில் நான் தண்ணீர் கேட்டால், பக்கத்து மேசைக்காரர்தான் இரக்கப்பட்டு எனக்காகக் கூப்பிடுவார். பொழுதுபோக்காக ஹாம் ரேடியோவில் பேச வந்த பிறகும் அதே கதை. எங்கள் சங்கத்தில் எனக்கு வைத்த பெயர் கொசு. என் தம்பிக்கு அந்தத் தொல்லை இல்லை. கைக்கடக்கமான கருவியில் பேசினாலும் அவனை நாலு ஊர் கேட்கும்.

அதனால்தான் ஸ்பீச் பிராசஸர் வாங்கினேன். மைக்குக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவில் வைக்கும் சின்னப் பெட்டி. பேச்சில் தணிந்து போகும் இடங்களைத் தூக்கி, உரத்த இடங்களுக்குச் சமமாக நிறுத்தும். அளவோடு வைத்தால் தூரத்தில் இருப்பவருக்கு உபகாரம். குமிழை முழுக்கத் திருகினால் குரல் பிசிறடித்து, பக்கத்து அலைவரிசைகளிலும் போய் விழும். நான் முழுக்கத் திருகித்தான் வைத்திருந்தேன். முதல் முறையாக ஒருவர், "யாருங்க இது, இடி மாதிரி வர்றீங்க?" என்று கேட்டிருந்தார். அதற்குப் பிறகு எப்படிக் குறைப்பது?

வெள்ளம் வந்த அன்று தம்பி தாழ்வான பகுதிக்குத் தொண்டனாகப் போனான். மதியத்துக்குள் பத்துப் பேரோடு ஒரு பள்ளிக்கூட மாடியில் மாட்டிக்கொண்டான். கையில் அந்தச் சின்னக் கருவி, ஒரே ஒரு பேட்டரி. நான் வீட்டிலிருந்து முகாம்களில் இருப்பவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். நானும் சேவைதான் செய்தேன்.

படகுகளை அனுப்பும் நிலையத்தில் எங்கள் சங்கத்துப் பல் டாக்டர் ஒருவர் ரேடியோ முன் உட்கார்ந்திருந்தார். "கொசு சார், கொஞ்சம் தள்ளிப் போயிடுங்க. மழையை விட உங்க சத்தம் பெருசா இருக்கு," என்றார். அலைவரிசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தம்பியின் குரலும் இருந்தது.

என் அலைவரிசையை மூன்று கிலோஹெர்ட்ஸ் தள்ளினேன். மற்றவர்களுக்கு அது போதும். என் பெட்டிக்குப் போதாது. தெரிந்தேதான் தள்ளினேன். குமிழைத் தொடவில்லை.

தம்பி பேசியதில் டாக்டருக்குப் பள்ளிக்கூடத்தின் பெயர் மட்டும் கிடைத்தது. பின்கட்டடம் என்ற சொல் என் கரகரப்புக்குள் போய்விட்டது. படகு முன்கட்டடத்தைப் பார்த்து, ஆளில்லை என்று திரும்பியது. மாலையில் பின்சுவர் சரிந்தது. ஏழு பேர் போனார்கள். அவனும்தான்.

விசாரணைக் குழுவில் உட்கார்ந்திருந்த உங்களிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: தெரியாமல் நடந்த இடைஞ்சல். நீங்களும் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டீர்கள். தம்பி மனைவி என் தோளில் சாய்ந்து, "நீங்க என்ன பண்ணுவீங்க, மாமா," என்று அழுதாள். அன்றிலிருந்து அவள் வீட்டுக்கு நான் போகவில்லை.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. படகு திரும்பிய பிறகு தம்பி என் அலைவரிசைக்கே வந்தான்.

"அண்ணா, நான்தான். ரெண்டு நிமிஷம் மைக்கை விட்டுடுங்க. டாக்டருக்கு என்னைக் கேக்கல. பேட்டரி முடியப்போகுது."

தெளிவாகக் கேட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் ஒதுங்கியிருக்கலாம். முன்பு எல்லோரோடும் சேர்ந்து அவன் சிரித்தது காதிலேயே நின்றது. பொத்தானை அழுத்தி, "என் குரல் எப்படி வருது, அதைச் சொல்லு முதல்ல," என்றேன். ஹாம்காரர்களான எங்களிடையே ஒரு பழக்கம். குரல் எப்படி என்று யார் கேட்டாலும், பதில் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை.

"நல்லா வருது அண்ணா. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி."

எனக்கு அது போதவில்லை. எண்ணில் சொல்லச் சொன்னேன்.

"ஃபைவ் நைன் அண்ணா," என்றான். அதற்கு மேல் எங்களிடம் மதிப்பெண் கிடையாது. அந்தச் சொல்லின் பாதியிலேயே அவன் குரல் தேயத் தொடங்கிவிட்டது.

அவன் பேட்டரியில் மிச்சமிருந்த உயிரை, என் குரலைப் புகழ்வதற்காக நான் கேட்டு வாங்கினேன்.