துணைப்படை நாற்காலி

தலைமை தாங்கி, மைக்கை என் கையில கொடுத்துட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருக்கிற மன்றத் தலைவர் அவர்களே! கம்ப்யூட்டர் விளையாட்டுல அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்க வந்த பெரியோர்களே! பிள்ளைகளை இழுத்துட்டுப் போக வந்து, பின்வரிசையில உட்கார்ந்துட்ட தாய்மார்களே! எதிர் அணி நண்பர்களே! எல்லாருக்கும் வணக்கம்.

போன வருஷம் இந்தப் போட்டியில ஜெயிச்சவங்கிறதால, துணைப்படையைப் பத்திப் பேசச் சொன்னாங்க. ஜெயிச்சது நான் மட்டும் இல்ல, ரெண்டு பேர். அடிக்கிற படையை நான் நடத்தினேன். துணைப்படையை என் மனைவி நடத்தினா. மழைக்காலத்துல காய்ச்சல் வந்து இறந்துட்டா. விஷயத்துக்கு வர்றேன்.

இன்னைக்கு இறுதிச்சுற்றுல எங்க அணி ஆடுதா, விலகுதா? பேச்சு முடியறதுக்குள்ள சொல்லணும்னு தலைவர் கேட்டிருக்கார். சொல்றேன்.

துணைப்படைன்னா யாரு? காயத்துக்குக் கட்டுப் போடுற வைத்தியர். உடைஞ்ச வண்டியைச் சரிபண்ற மெக்கானிக். அடிக்கவும் தெரியாது, அடி தாங்கவும் தெரியாது. ஆனா அவங்க இல்லாம எந்தப் படை திரும்பி வந்திருக்கு? எந்தக் கோட்டை நின்னிருக்கு? எந்தக் கொடி பறந்திருக்கு?

நம்மள்ல பலபேர் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. வீரனையும் வைத்தியரையும் மவுஸால ஒண்ணா வளைச்சுப் பிடிச்சு, 'போ'ன்னு க்ளிக் பண்றோம். வீரனுக்குக் கவசம் கனம். வைத்தியருக்குக் கவசமே இல்ல. அப்ப யார் முதல்ல போய்ச் சேருவா? ஆமா தம்பி, சரியாச் சொன்னீங்க. முதல்ல சாகறதும் அவர்தான்.

என் மைத்துனன், என் மனைவியோட தம்பி, அப்படித்தான் அனுப்புவான். "டேய், டாக்டரை எவனாவது வாசல்ல காவலுக்கு நிறுத்துவானா?"ன்னு கேட்பா. அவர்தான் முந்திக்கிட்டு ஓடுறாருன்னு அவன் பழியை டாக்டர் மேலயே போடுவான்.

அவ வழி வேற. படையிலேயே மெதுவா நடக்கிற கவசக்காரனைத் தேடி, 'பின்தொடர்' பொத்தானை அழுத்தி, வைத்தியரை அவன் முதுகுக்குப் பின்னாடி கட்டிவிடுவா. அதுவும் தனியா இல்ல, ரெண்டு ரெண்டு பேரா. ஏன்? ஊருக்கெல்லாம் கட்டுப் போடுற வைத்தியரால தனக்குத்தானே போட்டுக்க முடியாது. பக்கத்துல இன்னொருத்தர் வேணும்.

கைதட்டாதீங்க. இது அந்த விளையாட்டோட விதி, நான் எழுதினது இல்ல.

அவ போனதுலேருந்து மைத்துனன் தினமும் வீட்டுக்கு வர்றான். யாரையும் கேட்காம என் துணியைத் துவைச்சுக் காயப்போடுறான். பக்கத்துல உட்கார்ந்து ஆடுறான். நேத்து சொன்னான்: "மச்சான், எனக்கு அடிக்க மட்டும்தான் வரும். அக்கா இடத்துல நீங்க உட்காருங்க. முடியலேன்னா விலகிடலாம், ஒண்ணும் இல்ல." சொல்லிட்டு ரெண்டு ஹெட்போனையும் துடைச்சு வெச்சான்.

தலைவர் அவர்களே, நாங்க விலகல. அடிக்கிற படை அவனுக்கு. துணைப்படை எனக்கு. வலப்பக்க நாற்காலியோட உயரத்தை மட்டும் யாரும் மாத்த வேண்டாம். அது அவ ஏத்தி வெச்ச உயரம். எனக்கு முழங்கால் மேசையில இடிக்கும். இடிக்கட்டும்.

எதிர் அணி நண்பர்களே, எங்க வைத்தியரைத் தேடித்தான் முதல்ல வருவீங்க. வாங்க. அவர் தனியா இருக்க மாட்டார்.

இவ்வளவு நேரம் காது கொடுத்தவங்களுக்கு நன்றி. தரையில வயர் கிடக்கு, பார்த்து நடங்க. வணக்கம்.