உள்ளே யாரும் இல்லை

உங்கள் மூக்குக்கண்ணாடியின் இடது காம்பு கொஞ்சம் தொய்ந்திருக்கிறது, ஐயா. எழுதக் குனியும்போதெல்லாம் நழுவுகிறது, நீங்களும் விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறீர்கள். லேசாகச் சூடு காட்டி வளைத்தால் இரண்டு நிமிட வேலை. கடை இருந்திருந்தால் நானே செய்து கொடுத்திருப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதைத்தானே செய்கிறேன்.

கேட்டதற்கு வருகிறேன்.

கடை எங்கள் அப்பா வைத்தது. முன்பக்கம் அண்ணனுடையது. அவர்தான் கண் பார்த்து பவர் எழுதுவார். வருகிறவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வைப்பார். பின்பக்கம் சந்துக்குப் போக ஒரு கதவு உண்டு, அங்கிருந்து ஐந்து படி இறங்கினால் பட்டறை. பாதி தரைக்குக் கீழே இருக்கும். லென்ஸ் உரசுகிற மெஷின், திருகு டப்பாக்கள், சட்டங்கள் அடுக்கிய இரும்பு பீரோ, ஒரு ஆள் உயரத்துக்கு மேலே பின்சந்துப் பக்கம் பார்த்த சின்னக் கம்பி ஜன்னல். அங்கேதான் நான். எனக்கு அந்த இடம் பிடிக்கும். யாரும் வரமாட்டார்கள்.

அண்ணன் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியவர், என் கல்யாணத்தை நடத்தி வைத்தவர். ஆனால் கதை சொல்வார். வீட்டில் நாலு பேர் சேர்ந்தால் போதும், என் கதைதான். ஏழு வயசில் கன்றுக்குட்டிக்குப் பயந்து நான் தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்தது. கல்யாண மேடையில் மின்சாரம் போனதும் மாப்பிள்ளை ஓடிப்போய்ப் பந்தலுக்கு வெளியே நின்றது. "எங்க வீட்டுப் பயந்தாங்கொள்ளி"என்று என் தோளில் கைபோட்டுக்கொண்டு சொல்வார். அண்ணி கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். என் மகளும் சிரிப்பாள். அவளுக்குப் பன்னிரண்டு வயசு. நானும் சிரிப்பேன். வேறென்ன செய்வது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றேகால் இருக்கும். அண்ணன் பட்டறைக்கு இறங்கி வந்தார். ஒரு பெரியம்மாவின் கண்ணாடிக்கு லென்ஸ் மாற்றிப் போட்டுவிட்டேனா என்று சந்தேகம். வாசல் பக்கம் கவுண்டரில் வேலை பார்க்கும் பெண் மட்டும் இருந்தாள். அண்ணனின் போனும் அங்கேதான்.

முதலில் லென்ஸ்கள்தான் சொல்லின. தட்டில் இருந்தவை கிடுகிடுவென்று ஒன்றோடொன்று மோதிக்கொண்டன, குளிரில் பல் அடிப்பது போல. லாரி போகிறது என்று நினைத்தேன். மெஷினின் தொட்டித் தண்ணீரில் வளையம் வளையமாக அலை. "மேல யாருடா ஓடுறது?"என்றார் அண்ணன். அடுத்த நொடி தரை கீழிருந்து எட்டி உதைத்தது.

எங்கள் ஊருக்கு வெள்ளம் தெரியும், புயல் தெரியும். நிலம் நடுங்கும் என்பது பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம், அவ்வளவுதான். மேஜைக்கு அடியில் புகுவதா, வாசலுக்கு ஓடுவதா என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. சத்தம்தான் என்னை முதலில் உடைத்தது. அது காதில் கேட்கிற சத்தமாக இல்லை. எலும்புக்குள்ளே ஏதோ உருண்டது. சுவர் மூச்சு விடுகிற மாதிரி உள்ளே வந்து வெளியே போனது. ஒரு சுவர் அப்படிச் செய்வதைப் பார்த்துவிட்டால் பிறகு எதன் மேலும் சாய முடியாது, ஐயா. இப்போதுகூட நான் இந்த நாற்காலியில் முதுகு படாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பீரோ சரிந்தது. அண்ணன் விழுந்தார். அவருடைய முழங்காலுக்கு மேல் அது விழுந்தது. நான் அதற்குள் இரண்டாவது படியில் இருந்தேன். அவர் எட்டி என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், இதைக் கொஞ்சம் தூக்குடா"என்றார். கத்தவில்லை. கடையில் ஏதோ எடுத்துத் தரச் சொல்கிற குரல்தான்.

தூக்கியிருக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். வாரத்துக்கு ஒருமுறை அதன் ஒரு முனையை நான் தனியாகத் தூக்கித்தான் அடியில் கூட்டுவேன்.

குனிந்து அவர் விரல்களைப் பிரித்தேன். ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. என் கால்சட்டை நனைந்திருந்தது, அது அவர் கையிலும் பட்டது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒருத்தனை வழியில் பார்த்தால் எப்படிப் பார்ப்போம், அப்படி.

நான் ஓடினேன். வாசலில் அந்தப் பெண் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உறைந்து நின்றாள். வழியை அடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் அவளைத் தள்ளினேன். இரண்டு பேரும் தெருவில் போய் விழுந்தோம். திரும்பிப் பார்க்கும்போது, வாடகைக்கு ஆள் வராமல் காலியாகக் கிடந்த மேல் இரண்டு மாடியும் உட்கார்ந்திருந்தன. தூசியில் பகல் பழுப்பாகிவிட்டது. நாய்கள்கூடக் குரைக்கவில்லை.

மொத்தம் நாற்பது நொடி என்று பிறகு சொன்னார்கள்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். சுற்றி நின்றவர்களிடம், "சின்ன சார்தான் என்னைத் தள்ளி விட்டாரு. தன் உயிரைப் பாக்காம உள்ளேருந்து ஓடி வந்து தள்ளி விட்டாரு"என்றாள். யாரோ என் முதுகில் தட்டினார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஈரக் கால்சட்டையை யாரும் கவனிக்கவில்லை. தெருக்குழாய் உடைந்து எல்லோரும் நனைந்துதான் இருந்தோம். நான் எதையும் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. அப்போது எனக்குப் பேச்சே வரவில்லை என்பதுதான் உண்மை.

இரண்டு மணிக்குத் தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள். எங்கள் பகுதி முழுவதற்கும் ஒரே வண்டி, ஆறு பேர். அவர்களுக்கும் இது முதல் தடவை. தலைவராக இருந்தவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தக் கட்டிடத்துல யாராவது மாட்டியிருக்காங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் பார்த்தாள். "பெரிய சார்..."என்று ஆரம்பித்தாள்.

"அண்ணன் முன்னாடியே பின்கதவு வழியா, சரக்கு எடுக்க மொத்தக் கடைத் தெருவுக்குப் போயிட்டார்"என்றேன். "உள்ளே யாரும் இல்லை."

"நிச்சயமா?"

"நான்தானே கடைசியா வந்தேன்."

அவர் சுவரில் ஆள் இல்லை என்பதற்கு அடையாளமாகச் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்துத் தையல் நிறுவனத்துக்குப் போனார். அங்கே சாயங்காலத்துக்குள் மூன்று பேரை உயிரோடு எடுத்தார்கள். அதில் ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி. எங்கள் கட்டிடத்தில் நேரம் செலவழித்திருந்தால் அந்த மூன்று பேர் என்ன ஆகியிருப்பார்கள் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். மேலே தொங்கிக்கொண்டிருந்த கூரைக்கு அடியில் ஆறு பேரை அனுப்பி, அந்த நேரம் மறுபடி ஆடியிருந்தால்? அவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. இதையெல்லாம் நான் அப்போது யோசித்தேனா என்று கேட்காதீர்கள். பிறகு யோசித்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஆடவும் செய்தது. ஐந்து மணி சுமாருக்கு இன்னொரு தடவை. ஊரே மைதானத்தில் உட்கார்ந்திருந்தது. பெரிய ஆண்பிள்ளைகள் புல்லைப் பிடித்துக்கொண்டார்கள், அது தாங்கிவிடும் என்பது போல. என் மகள் என் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். அடங்கியதும் தலையைத் தூக்கிக் கேட்டாள்: "அப்பா, உனக்கு அப்போ பயமே வரலையா?"

அவள் அப்படி என்னைப் பார்த்து நான் கண்டதே இல்லை. அண்ணனின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவள்.

"அப்போ யோசிக்க நேரம் இல்லம்மா"என்றேன்.

அண்ணி அன்றே மொத்தக் கடைத் தெருவுக்குப் போகக் கிளம்பிவிட்டார். அந்தத் தெருவில் ஒரு வரிசையே விழுந்திருந்தது. "தம்பி, நீங்க கூட வாங்க. எனக்குத் தனியாப் போகக் கால் வரலை"என்றார். போனேன். மூன்று நாள் கூடவே போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் துணியை விலக்கி விலக்கி நான்தான் முகம் பார்த்தேன். அண்ணியைப் பார்க்க விடவில்லை. ஒவ்வொரு முறையும் "இவர் இல்லை அண்ணி"என்று சொல்லும்போது எனக்கே நிம்மதியாக இருந்தது. அவ்வளவு அக்கறையாக வேறு யார் தேடியிருப்பார்கள்.

புதன்கிழமை காலையில் பின்சந்துக்குப் போனேன். சந்து இடிந்து அடைபட்டிருந்தது. யாரும் போகக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். ஒருக்களித்து நுழையும் வழி எனக்குத் தெரியும். ஏன் போனேன் என்றால், எல்லாம் முடிந்திருக்கும், பார்த்துவிட்டு வந்தால் மனசு ஒரு நிலைக்கு வரும் என்றுதான்.

கம்பி ஜன்னல் அப்படியே இருந்தது. குனிந்தேன். உள்ளே இரும்பில் ஏதோ தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, நிறுத்தம், மூன்று தட்டு. நிலம் ஆடியதைவிட அது பெரிய ஆட்டம்.

"யாரு?"

"நான்தான், அண்ணே."

தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு, "வந்துட்டியா"என்றார். "புள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்களா? உங்க அண்ணி?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

"ஆளுங்க எப்போ வருவாங்க?"

"வந்துட்டே இருக்காங்க. நிறைய இடத்துல வேலை."

"தண்ணி இருந்தாப் போடுடா."

நிவாரண லாரியில் அன்று காலைதான் தண்ணீர் பாட்டில் கொடுத்திருந்தார்கள். என் பங்கைக் கம்பிக்குள் விட்டேன். உருண்டு போய் அவர் கைக்கு எட்டியது. அவர் குடிக்கிற சத்தம் கேட்டது. மறுநாளும் ஒன்று போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் ஒன்று. என் பங்கு, ஐயா. நான் மைதானத்தில் வாளித் தண்ணீர் குடித்தேன். நீங்கள் மேஜை மேல் வைத்திருக்கிற மூன்றும் அவைதான். நிலம் ஆடியதற்கு மறுநாள் ஊருக்கு வந்த பாட்டில் ஒன்பதாவது நாள் இடிபாட்டுக்கு அடியில் அவர் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். ஒரு ஆளை ஒழிக்க நினைக்கிறவன் தன் தண்ணீரைக் கொடுப்பானா?

ஒவ்வொரு முறையும் ஆட்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சந்திலிருந்து வெளியே வருவேன். வந்ததும் யாராவது கும்பிடுவார்கள். அந்தப் பெண்ணின் அப்பா என் காலில் விழப் பார்த்தார். நிவாரணப் பந்தலில் என்னைப் பேசச் சொன்னார்கள். மகள் தன் தோழிகளைக் கூட்டிவந்து என்னைக் காட்டினாள். உள்ளே இருந்தவர் வெளியே வந்தால் முதல் நாள் அழுவார், இரண்டாம் நாள் தூங்குவார், மூன்றாம் நாள் கதை சொல்வார். விரலைப் பிரித்த கதை. நனைந்த கால்சட்டைக் கதை. நிலம் எப்போதாவதுதான் ஆடும். அந்தச் சிரிப்பு ஆயுசுக்கும் கேட்கும்.

வெள்ளிக்கிழமை இருட்டுவதற்கு முன்னால் கடைசியாகப் போனேன். பக்கத்துக் கட்டிடத்தில் பெரிய இயந்திரம் கொண்டுவந்து இடிபாடு அள்ளிக்கொண்டிருந்தார்கள். இருபதடி தூரம்கூட இருக்காது. அண்ணனின் குரல் காய்ந்துபோயிருந்தது, ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. அவர் தட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"டேய். நீ யார்கிட்டயும் சொல்லலை, இல்ல?"

நான் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"அவங்க மெஷின் சத்தம் எனக்குக் கேக்குது. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."அவருக்கு மூச்சு வாங்கியது. "பயந்துட்டே, அவ்வளவுதானேடா. யாராயிருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க. நான் இருந்தாலும் ஓடியிருப்பேன். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். புள்ளை மேல சத்தியமா. போய் அவங்களைக் கூப்பிடு."

அண்ணன் சத்தியம் செய்தால் மீறமாட்டார். அது எனக்குத் தெரியும். சிமென்ட் சாக்கு ஒன்று அங்கே கிடந்தது. மடித்து ஜன்னல் கம்பிக்குள் திணித்தேன். அதன் மேல் செங்கல்லை அடுக்கினேன், இடைவெளி தெரியாமல், இரண்டு வரிசை. உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பட்டப்பெயரைச் சொல்லவில்லை, அப்பா அம்மா வைத்த பெயரை. பிறகு கேட்கவில்லை. நான் மைதானத்துக்குப் போய் அண்ணிக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன்.

அவ்வளவுதான், ஐயா. செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்து எழுதுங்கள். பக்கத்தில் இயந்திரம் ஓடியதில் சந்து முழுக்கப் புழுதி பறந்தது. அண்ணனுக்குச் சின்ன வயசிலிருந்தே தூசி ஆகாது. அதற்காகத்தான் ஜன்னலை அடைத்தேன்.