பதினேழாம் எண் வீட்டின் கடல் அறை

உப்புக் காற்றைத் தாங்குகிற கதவு வண்ணம் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான், இன்ஸ்பெக்டர். கரும்பச்சை. மற்றதெல்லாம் இரண்டு குளிர்காலம் தாண்டாது, தோல் உரிந்துவிடும். உங்கள் காவல் நிலையக் கதவுக்கு நீலம் அடித்திருக்கிறார்கள். அடிப்பதற்கு முன்னால் யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

தேநீருக்கு நன்றி. பால் கொஞ்சம் அதிகம், பரவாயில்லை. வக்கீல் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். நான் ஹெஸ்டர் பிங்க்னி. கெல்வித் ஹை ஸ்ட்ரீட், பதினெட்டாம் எண் வீடு. பழைய வீடுகள் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர். நான் செய்ததைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. இன்னொருவர் வாயை எதற்கு வாடகைக்கு எடுக்க வேண்டும்?

நீங்கள் வெளியூர். அதனால் கடல் அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துறைமுகத்திலிருந்து எங்கள் தெருவுக்கு அடியில் ஒரு கல் வாய்க்கால் வருகிறது. கடல் பொங்கும் நாளில் தண்ணீர் அந்த வழியாக ஏறி எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்துவிடும். அதைத் தடுக்க அந்தக் காலத்தார் பதினேழாம் எண் வீட்டின் நிலவறையை ஆழமாகத் தோண்டி வைத்தார்கள். மதகைத் திறந்தால் கடல் அந்த ஓர் அறைக்குள் போய் அடங்கும், மற்ற வீடுகள் தப்பும். அதற்குப் பிரதியாக ஹெர்ரிங் மீன் பருவத்தின் முதல் கூடை அந்த வீட்டுக்குத்தான் போகும்.

மதகின் சக்கரம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் இருக்கிறது. அதன் சாவியும் ஒரு பித்தளைக் கைமணியும் எங்கள் குடும்பத்தின் பொறுப்பு. முறை இதுதான். முதலில் மணி அடிக்க வேண்டும். பதினேழாம் எண்காரர் வெளியே வந்து சக்கரத்தைத் தொட வேண்டும். பிறகுதான் திருப்பலாம். நான் சிறுமியாக இருந்தபோது அப்பா ஒரு முறை திருப்பினார். அப்போதைய வீட்டுக்காரர் பூனையையும் சுவர்க் கடிகாரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார், சக்கரத்தைத் தொட்டார், எங்கள் சமையலறையில் உட்கார்ந்து விடியும்வரை தேநீர் குடித்தார். அப்படிப்பட்ட மனிதர்கள் வாழ்ந்த தெரு இது.

பதினேழாம் எண் வீட்டை இப்போது வாங்கிய கிரெய்க் ஸ்டோக்ஸ் பர்மிங்காமிலிருந்து வந்தவன். கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. சிரித்துச் சிரித்துப் பேசுவான். கடல் அறையைக் குடியிருக்கும் அறையாக்க வேண்டும் என்று அனுமதி கேட்டபோது சங்கத்தின் சார்பில் நான்தான் நிபந்தனைகளை எழுதினேன். உள்பக்கமாகத் திறக்கும் பழைய ஓக் கதவை மாற்றக் கூடாது. சன்னலின் இரும்புக் கம்பிகளை எடுக்கக் கூடாது. வாய்க்காலின் வாயை அடைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிந்தான். வாய்க்காலின் வாய்க்கு மட்டும் ஒரு மெல்லிய பலகையைச் சாத்தி, அதை ஒட்டிக் கட்டிலின் தலைமாட்டைப் போட்டுக்கொண்டான். சக்கரத்தை அலங்காரப் பொருள் என்று நினைத்துச் சிவப்பு வண்ணம் அடித்து அதில் பூந்தொட்டியும் தொங்கவிட்டான். எடுத்துச் சொன்னேன். சிரித்தான்.

அதெல்லாம்கூடப் போகட்டும். சன்னலில்தான் வந்தது வினை. தெருப் பக்கத்துச் சன்னல்களை எல்லாம் பிடுங்கிவிட்டு வெள்ளை பிளாஸ்டிக் சன்னல் வைக்கப் போவதாகச் சொன்னான். நாங்கள் எதிர்த்தோம். மேல்முறையீட்டில் அவனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அன்றைக்கே வாசலில் நின்று அவனிடம் பேசினேன்.

“வாங்க மகாராணி. இன்னிக்கும் என் சன்னலை எண்ண வந்தீங்களா?” என்றான்.

“இருநூத்தி எண்பது வருஷமா நிக்குற சன்னல் தம்பி அது.”

“அவ்ளோ நாள் நின்னா கால் வலிக்காதா? கொஞ்சம் உக்காரட்டுமே, விடுங்க. உள்ள வந்து பாருங்க ஹெஸ்டர், காத்து அடிச்சா மெழுகுவத்தி அணைஞ்சு போவுது. ராத்திரி தொப்பி போட்டுக்கிட்டுத் தூங்குறேன்.”

“நாங்க எல்லாரும் போட்டுக்கிட்டுத்தான் தூங்குறோம்.”

“அதான் இந்தத் தெருவுல யாருக்கும் முடியே இல்ல” என்றான். எதிரே ரொட்டிக் கடை வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் பக்கத்து ஆட்கள் என்று நான் நினைத்திருந்தவர்கள். அவர்களில் மூன்று நான்கு பேர் ஏற்கெனவே அவனிடம் அந்த பிளாஸ்டிக் சன்னல் போடுகிறவனின் போன் நம்பரை வாங்கி வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. ஒரு வீட்டில் பல் போனால் ஒரு வீட்டோடு போய்விடும். தெருவே பொக்கை வாயாகப் போகிறது என்றால் ஒருவர் என்ன செய்ய வேண்டும்? எனக்கு ஆத்திரம் வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆத்திரம் வராதவர்களைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

சன்னலுக்கு அளவெடுக்க ஏணியில் ஏறிய கிரெய்க் விழுந்து காலை முறித்துக்கொண்டான். அதற்கு நான் காரணமில்லை. மாடியில் தரையெல்லாம் பெயர்த்துப் போட்டிருந்ததால் மாவுக்கட்டோடு கடல் அறையிலேயே படுத்துவிட்டான். அக்கம்பக்கத்தார் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோனோம். நான் லீக் என்கிற வெங்காயத்தாளில் சூப் வைத்துக் கொண்டுபோவேன். அவனுக்குப் பிடிக்கும். ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டான்.

கடைசியாக வெள்ளிக்கிழமை கொண்டுபோனேன். திங்கட்கிழமை சன்னல்காரர்கள் வருவதாக இருந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தான்.

“உங்க மனசு கஷ்டப்படுதுன்னு தெரியுது ஹெஸ்டர். நான் ஒண்ணு யோசிச்சேன். உங்க சமையலறைக்கு நேரா சந்துப் பக்கம் ஒரு சன்னல் இருக்குல்ல? அதை மட்டும் பழசாவே விட்டுடுறேன். உங்களுக்காக. பாத்திரம் கழுவும்போது பாத்துக்கலாம்.”

நன்றி சொன்னேன். சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். முழுத் தெருவையும் சிதைத்துவிட்டு எனக்கு ஒரு துண்டு போடுகிறான், நாய்க்குப் போடுவதைப் போல. அவன் அன்பாகத்தான் சொன்னான் என்று இப்போது நீங்கள் சொல்வீர்கள். ஆமாம், அன்பாகத்தான் சொன்னான். அதுதான் பொறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் துறைமுகத்தில் வெள்ள எச்சரிக்கைச் செங்கொடி ஏற்றினார்கள். வடக்கிலிருந்து காற்று. தெருவில் எல்லோரும் வாசலில் வெள்ளப் பலகைகளைச் செருகினோம். கிரெய்க் வீட்டு வாசலுக்கும் நான்தான் செருகினேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன், பூந்தொட்டியைக் கழற்றிக் கீழே வைத்தேன், சக்கரத்தைத் திருப்பினேன். இலையுதிர்காலத்திலேயே எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் சுலபமாகத் திரும்பியது. தெருவில் வேறு எந்த வீட்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. இருபத்தாறு வீடுகள். போய்ப் பாருங்கள், ஒரு தரைவிரிப்புகூட நனையவில்லை. கடல் அறை எதற்காகக் கட்டப்பட்டதோ அதைத்தான் அது செய்தது. ஓர் அறைக்குக் கடல் அறை என்று பெயர் இருக்கும்போது அதில் போய்ப் படுப்பது யாருடைய தவறு?

துறைமுகத்து லென் என்ன சொன்னான் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அவன் பொய் சொல்கிறவன் இல்லை. நான் சந்துக்குள் போவதற்கு முன்னால் தெரு வழியாக வந்தான்.

“பலகையைக் கழட்டிருங்க மிஸஸ் பிங்க்னி. கொடியை இறக்கிட்டாங்க. காத்து திரும்பிருச்சு. இன்னிக்குக் கடல் படியைக்கூடத் தொடாது.”

“சரி லென். கால் நனைஞ்சிருக்கு பாரு, போய்ச் சூடா ஏதாவது குடி” என்றேன்.

ஆக, எனக்குத் தெரியும். கடல் பொங்காவிட்டாலும் ஓதம் ஏறி, கடல்மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் நிற்கும் என்பதும் தெரியும். கடல் அறையை நிரப்ப அது போதும். தண்ணீர் அழுத்தினால் உள்பக்கமாகத் திறக்கிற கதவைக் கால் முறிந்தவன் இழுக்க முடியாது என்பதும் தெரியும். நிபந்தனை எழுதியவளுக்குத் தெரியாதா? ஆனால் எழுதியபோது இந்த எண்ணம் எனக்கு இல்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியபோது நான் வீட்டைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன்.

அவன் கூப்பிட்டானா என்று கேட்டீர்கள். குரல் கேட்கவில்லை. சக்கரத்தின் மேல் கை வைத்திருந்தேன். கீழே எதிலோ ஊன்றுகோலால் தட்டுவது இரும்பு வழியாகக் கையில் தெரிந்தது. கொஞ்ச நேரம் தெரிந்தது. அது நின்ற பிறகு பூந்தொட்டியைத் திரும்ப மாட்டினேன்.

என் பாட்டன் முப்பாட்டன் வழக்கத்தை நான் மீறிவிட்டதாக ரொட்டிக் கடையில் பேசிக்கொள்கிறார்களாம். கொலை என்று சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன், முறை தவறியவள் என்று சொன்னால் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். அவன் வந்து சக்கரத்தைத் தொடவில்லை, உண்மை. மாவுக்கட்டோடு இருப்பவனை அத்தனை படி ஏறி வா என்று கூப்பிடுவது மனிதத்தன்மையா? அந்த ஒன்றை மட்டும் அவனுக்காக விட்டுக்கொடுத்தேன்.

மணி அடித்தேன். அப்பா அடித்ததைப் போல மூன்று முறை, நிறுத்தி நிறுத்தி அடித்தேன். எங்கே நின்று அடிக்க வேண்டும் என்று முறையில் எங்கும் சொல்லவில்லை. என் சமையலறையில் நின்று அடித்தேன். கதவும் சன்னலும் சாத்தித்தான் இருந்தன. அந்தக் குளிரில் யார் திறந்து வைப்பார்கள்?

அவனுக்குக் கேட்டிருக்காது என்கிறீர்கள். கேட்டிருக்காதுதான். மூன்றடி கனமான கல் சுவர், இன்ஸ்பெக்டர். இந்தக் காலத்தில் அப்படி யார் கட்டுகிறார்கள்?