புளி போட்டுத் தேய்ச்ச பல்லு

...தேய்க்கக் கூடாதுன்னா மொதல்லியே சொல்லணுமா இல்லியா, நீயே சொல்லும்மா. "பத்தரமா வெச்சிக்கங்க அக்கா"ன்னுதான் சொல்லிச்சி அந்த பல்லு டாக்டரு பொண்ணு ஷமா. பத்தரமாத்தான வெச்சேன்.

கொஞ்சம் தள்ளி ஒக்காரு, காத்து வரட்டும். எங்க எறங்கற, கூனிமேடா? நான் மரக்காணம். இந்தா, மசால் கடல எடுத்துக்க. இந்தக் கடலயாலதான் கேடு, இன்னும் வுட்ட பாடில்ல நானு.

முன்பல்லுக்கு தொப்பியாட்டம் ஒரு கேப்பு போட்டிருந்தேன். உள்ள இரும்பாட்டம் ஒண்ணு, மேல வெள்ளையா பல்லு கலருல பூச்சு. ஒரு கடல கடிச்சேன், பூச்சு பேந்துடிச்சி. வாயில ஆணி அடிச்சாப்புல நிக்கிறேன். டாக்டரு கழட்டி கையில குடுத்து, பாண்டி லேபுக்கு போங்கன்னுச்சி. அந்த இரும்புல வெள்ள லேசுல ஒட்டாதாம். லேபுல மணல ஊதி சொரசொரன்னு ஆக்கணும், அப்பறம் டாக்டரு ஒரு மருந்து தடவி வெள்ளய பூசும். செவுத்த கொத்திட்டு சிமிட்டி பூசறோமே, அதேதான்.

போன வாரம் லேபுலேருந்து வாங்கியாந்து வூட்ல பிரிச்சா, மங்கலா அழுக்காட்டம் கெடக்குது. வாயில போடற சாமானாச்சேம்மா... உப்பளத்துல வேல செய்றவ வூட்ல உப்புக்கா பஞ்சம்? புளியும் உப்பும் வெச்சி, குத்துவெளக்கு தேய்க்கற மாரி தேய்ச்சேன். மினுமினுன்னு ஆயிடிச்சி. எனுக்கு ஒரே பெரும. டாக்டரு அத மோந்து பாத்துட்டு, "அக்கா, புளி வாசன வருதே"ன்னுச்சி. என் அறிவ எங்க கொண்டு போயி வெக்கறது.

சிரி, சிரி. எனுக்குந்தான் சிரிப்பு வருது, வாயத் தொறக்கத்தான் முடியல. பெரியவ சூர்யகலா கல்யாணத்தப்ப இந்தப் பல்லு ஒடஞ்சி கெடந்துது. ஆல்பம் பூரா வாயப் பொத்திக்கினு நிக்கிறேன். அவ மாமியா கேட்டுட்டாங்க, "இந்தக் கல்யாணத்துல ஒங்களுக்கு இஷ்டமில்லியா"ன்னு. மனசு ரொம்ப கஷ்டமாயிடிச்சிம்மா. பேச்சுக்கு மூடாத வாயி, போட்டோவுக்கு மூடிக்கிச்சி. நாளைக்கு மொவனுக்கு நிச்சயம். ஒரு போட்டோலயாவது சிரிச்சிடணும். இன்னிக்கி சாய்ந்தரமே வெச்சி குடுத்துடறேன்னு ஊருல ஷமா காத்திருக்குது.

சொரசொரப்பு போயிடிச்சின்னு மறுபடி பாண்டி லேபுல ஊதி வாங்கியாறேன், இந்த வாட்டி உஷாரு நானு. தேய்க்கறது என்னா, வெரலுகூட படக்கூடாதாம், கை எண்ண பட்டா பூச்சு நிக்காதாம். இந்தா, எப்டி மணலாட்டம் இருக்குது பாரு... நீ தொடாத தொடாத. நானே திருப்பி காட்டறேன். இந்தப் பக்கம்... தெரியுதா? உள்ளயும் வெரல வுட்டுப் பாத்தா, சொரசொரன்னு...

என்னா, என் கையவே பாக்கற?

...கடல தின்ன கை.

எவ்ளோ நேரமாம்மா இத உருட்டிக்கினு இருக்கேன்? பஸ்ஸு கெளம்பனதுலேருந்தா? சொல்ல மாட்டியா நீ? எங்க சொல்றது, நான்தான் வாய மூடலியே.

எறங்கறியா? இரு, நானும் வரேன். கண்டக்டரு தம்பி, கொஞ்சம் நிறுத்தி போப்பா... எதுத்தாப்புல பாண்டிக்கி வண்டி வருமா?